வெள்ளி நவரத்தின மோதிரம்: ஒன்பதில் எத்தனை தேறும்?

சென்னை சௌகார்பேட்டை சந்துக் கடை ஒன்றில் 2,800 ரூபாய்க்குக் கிடைக்கும் 925 வெள்ளி மோதிரம் இது. ஒன்பதும் 3 மில்லிமீட்டர் கற்கள். பில்லில் 'ஒரிஜினல் நவரத்தினம்' என்று எழுதித் தருகிறார்கள். கல் பார்க்கும் 10 மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியான லூப்பை வைத்துப் பார்த்தால் அந்த வார்த்தை எல்லாக் கல்லுக்கும் பொருந்தவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பதித்த வரிசை சரி. நடுவில் சூரியனுக்கு மாணிக்கம், கிழக்கே சுக்கிரனுக்கு வைரம், அங்கிருந்து வலமாக முத்து, பவளம், கோமேதகம், நீலம், வைடூரியம், புஷ்பராகம், மரகதம். நம்மூர்க் கோயில்கள் பலவற்றில் நவக்கிரகங்கள் நிற்கும் அதே திசைக் கணக்கு. நிறப் பொருத்தத்துக்காக இதைக் கலைத்துப் பதித்த மோதிரங்கள் கடைக்குக் கடை உண்டு.

வைரத்தில்தான் முதல் கோளாறு. 3 மில்லிமீட்டர் வட்ட வைரம் சுமார் 11 சென்ட், அதாவது 0.11 கேரட் நிற்கும். சுரங்க வைரமானால் அந்த ஒரு கல்லின் விலையே மோதிரத்தின் விலையைத் தாண்டிவிடும். இங்கே இருப்பது அமெரிக்கன் டைமண்ட், அதாவது சிர்கோனியா என்ற செயற்கைக் கல். பட்டை விளிம்புகள் மழுங்கியிருக்கின்றன, சாய்த்தால் வானவில் நிறம் அளவுக்கு மீறித் தெறிக்கிறது. மதராஸுக்கு இது அடுக்குமா? இங்கே செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட், ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் பேரம் பேசி வாங்கிய 410 கேரட் கல்தான் பட்டை தீட்டப்பட்டு ரீஜென்ட் வைரமாக இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

மாணிக்கம் மண்ணில் விளைந்ததுதான், ஆனால் வெடிப்புகளில் ஈயக் கண்ணாடி ஊற்றி அடைத்தது. மோதிரத்தை மெல்ல அசைத்தால் உள்ளே நீலக் கீற்று மின்னி மறையும். வெடிப்புக்குள் நசுங்கிய குமிழ்கள் தெரியும். பத்தரிடம் அளவு மாற்றக் கொடுத்தால் ஊதுகுழல் சூட்டிலும் திராவகத்திலும் அந்தக் கண்ணாடி அரித்து, கல் முழுக்க வெள்ளைக் கோடுகள் ஓடும். எலுமிச்சைச் சாறுகூட நாளடைவில் அதை அரிக்கும்.

நீலம் தேறுகிறது. நிறப்பட்டைகள் நேர்கோடாக, முனை மடங்கி ஓடுகின்றன. 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய் அறிவித்த முறையில் செய்த செயற்கைக் கல்லாக இருந்தால் கோடு வளைந்திருக்கும். நீலமும் மாணிக்கமும் குருந்தம் என்ற ஒரே கனிமம். குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். உலகம் முழுக்க 'கொரண்டம்' என்று சொல்வது நம்முடைய அந்தச் சொல்லைத்தான். மஞ்சள் புஷ்பராகமும் அதே இனம். ஆனால் நிறத்துக்காகப் பெரிலியம் ஏற்றிச் சுட்டதா என்பது லூப்பில் பிடிபடாது, ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

கோமேதகம் அசல். உள்ளே பாகு கரைவது போன்ற நெளிவு இருக்கிறது. வைடூரியம் கண்ணாடி: நடுக்கோடு கத்தியால் கீறியதுபோல் கூர்மை, பக்கவாட்டில் பார்த்தால் தேன்கூட்டு அறைகள். மரகதம் அசல், எண்ணெய் ஏற்றியது. நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியிலும் வெந்நீரிலும் போடக் கூடாது. பவளத்தின் மேல் மட்டும் படும்படி அசிட்டோன் நனைத்த பஞ்சை ஒற்றினால் சிவப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது, சாயம். முத்து வளர்ப்பு முத்து. இந்த விலைக்கு அதைக் குறை சொல்ல முடியாது.

கல் தோலில் படவேண்டும் என்பவர்களுக்காக அடிப்பக்கம் திறந்திருக்கிறது. அதனால் வியர்வையும் சோப்பும் உள்ளே தங்கும். சாப்பிடும் கையில் போட்டால் இன்னும் மோசம்: முத்தும் பவளமும் சுண்ணாம்பு என்பதால் புளிக்குழம்பு பட்டுப் பட்டே பளபளப்பு போய்விடும்.

ராசிக்கு என்று தேடுபவர்களுக்கு இது உதவாது. வரிசைக்காகவும் வெள்ளிக்காகவும் வாங்குவதானால் விரல் அளவை மாலையில் ஒருமுறை, காலையில் ஒருமுறை எடுத்துக்கொண்டு போங்கள், பிறகு பத்தரிடம் கொடுக்கும் வேலை வராது. பில்லில் 'நவரத்தினம்' என்று மொத்தமாக எழுத விடாமல் ஒன்பது வரி போடச் சொல்லுங்கள். வைரத்தின் வரியில் சிர்கோனியா என்றும் மாணிக்கத்தின் வரியில் கண்ணாடி நிரப்பியது என்றும் இருக்கட்டும்.