கிதார் கேபினெட் வாங்கப் போறவங்க கவனத்துக்கு: “ரூம்தான் சார் பிரச்சனை”

கேபினெட்டுக்கு, அதாவது கிதார் ஆம்ப்பில் மாட்டுகிற ஸ்பீக்கர் பெட்டிக்கு, 42,000 ரூபாய். சுவரில் ஒட்டிய ஃபோமுக்கு 7,500. குட்டி யானை வாடகை 900. மொத்தம் 50,400. இதில் கொடுத்த காசுக்கு ஒழுங்காக வேலை நடந்தது குட்டி யானைக்கு மட்டும்தான். அந்த டிரைவர் அண்ணன் பெட்டியை இரண்டு மாடி தூக்கியும் கொடுத்தார்.

என்னிடம் இருப்பது 20 வாட் வால்வ் ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத வெறும் ஆம்ப். பின்பக்கம் ஸ்பீக்கர் பெட்டியை மாட்ட 8 ஓம், 16 ஓம் என்று இரண்டு ஜாக், பெட்டியின் ஓமுக்குப் பொருந்துகிறதில் செருக வேண்டும். நண்பனுடைய ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியில்தான் இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவன் வேலை மாறி பெங்களூருக்குப் போனான், பெட்டியும் போனது. சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று தேடியபோது கண்ணில் பட்ட விளம்பரம் இது: “12 இன்ச் ரெண்டு, செலஸ்டியன் விண்டேஜ் 30, இம்போர்ட்டட், பிர்ச் ப்ளை, 8 ஓம், சிங்கிள் ஓனர்.” செலஸ்டியன் ஸ்பீக்கர் கம்பெனி, விண்டேஜ் 30 அதன் பேர் போன கிதார் ஸ்பீக்கர். ஏதோ மாருதி 800 விற்கிற மாதிரி சிங்கிள் ஓனர். அப்போதே சிரித்துவிட்டு நகர்ந்திருக்க வேண்டும்.

கடை சென்னையில்தான். பெயர் போடவில்லை, காரணம் கடைசியில் புரியும். நல்ல பெரிய ஹால், கீழே கார்ப்பெட், சுவர் முழுக்க கிதார். பெட்டியை மேசை மேல் தூக்கி வைத்திருந்தார்கள், ஸ்பீக்கர் சரியாக என் நெஞ்சு உயரத்தில். வாசித்துக் காட்டியது கடைப் பையன். அவனுடைய கிதார், அவனுடைய பெடல், கடையின் 100 வாட் ஹெட், அதில் தாராளமாக ரிவர்ப், அதாவது எதிரொலி. காது கிழிகிற சத்தம். “எப்டிண்ணா, பன்ச் தெரியுதா?” என்றான். தெரிந்தது. சத்தம் கூடும்போது காது பேஸையும் ட்ரெபிளையும் அதிகம் வாங்கிக்கொள்ளும், குறைத்தால் இரண்டும் பின்வாங்கிவிடும். 1933லேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து சொன்ன விஷயம். எனக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்த ஐந்து நிமிடம் அறிவு வேலை செய்யவில்லை.

பில் கேட்டேன். “பில் போட்டா ஜிஎஸ்டி தனி சார், எஸ்டிமேட் தரேன்” என்றார் முதலாளி. மஞ்சள் துண்டுச் சீட்டில் “கேப் - 1, 42000” என்று கிறுக்கிக் கொடுத்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட புத்திசாலி நான்.

வீட்டில் என் அறை பத்தரை அடிக்குப் பன்னிரண்டு. மொசைக் தரை, வெறும் சுவர், ஒரு ஸ்டீல் பீரோ. பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைத்து ஹெட்டை மாட்டினேன். ஐந்தாவது கம்பியைத் தட்டியதும் அறையே “ஊம்ம்ம்” என்று எழுந்து நின்றது. பக்கத்துக் கம்பிகளில் அப்படி இல்லை. மேல் ஸ்வரங்கள் போர்வை போர்த்திய மாதிரி. போதாக்குறைக்கு எங்கிருந்தோ ஒரு கரகரப்பு. அம்மா எட்டிப் பார்த்து, “பெட்டிக்குள்ள சுண்டெலி ஏதும் இருக்காடா?” என்று கேட்டார்.

கடைக்கு ஃபோன் போட்டேன். முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ரூம் சைஸ் என்ன சார்? பத்துக்குப் பத்தா? அதான். ரூம்தான் சார் பிரச்சனை. கேப் பக்கா.” அடுத்த நாளே ஆள் அனுப்பினார். வந்தவர் அறை நடுவில் நின்று இரண்டு முறை கை தட்டினார், உதட்டைப் பிதுக்கினார், முட்டை அட்டை மாதிரி மேடுபள்ளமாக இருக்கும் ஒரு இன்ச் ஃபோமை டபுள் சைடு டேப்பில் நாலு சுவரிலும் ஒட்டிவிட்டு 7,500 வாங்கிக்கொண்டு போனார்.

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்வீர்கள். ஏனென்றால் அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. அறை நிஜமாகவே சத்தத்தைக் கெடுக்கும். நம்ம ஊர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். என் அறையின் அகலம் பத்தரை அடி, அதாவது 3.2 மீட்டர். 349ஐ 3.2ஆல் வகுத்தால் 109. அந்த ஹெர்ட்ஸில் ஓர் அலை முழுசாக இரண்டு சுவருக்கும் இடையில் கச்சிதமாகப் பொருந்தி, போகாமல் நின்று ஆடும். கிதாரின் ஐந்தாவது கம்பி, திறந்த ஏ, 110 ஹெர்ட்ஸ். அது மட்டும் ஊளையிட்டது இதனால்தான். இந்த அலைக்குச் சுவரோரமும் அறை நடுவும் உச்சம். நான் பெட்டியை வைத்தது சுவரோரம், நாற்காலி போட்டது நட்ட நடுவில். இரண்டு பக்கமும் நானே எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

ஆனால் ஃபோம்? 110 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டருக்கு மேல். ஒரு இன்ச் ஃபோம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அது உறிஞ்சுவதெல்லாம் மேல் ஸ்வரங்களைத்தான். ஏற்கனவே மந்தமாக இருந்த சத்தம் இன்னும் மந்தமானது, ஊளை அப்படியே நின்றது. “பழகணும் சார், செட்டாக ஒரு வாரம் ஆகும்” என்றார் ஃபோம்காரர். புதுச் செருப்பா இது?

பத்து நாள் இப்படியே போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடி வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு, பெட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். தண்ணீர் டேங்க் மோட்டார் பாயின்ட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சுற்றிச் சுவர் இல்லை, தலைக்கு மேல் கூரை இல்லை. அறை செய்கிற குற்றம் எதுவும் அங்கே வராது, வருவதெல்லாம் பெட்டியின் குற்றம். துணி எடுக்க வந்த பக்கத்து ஃபிளாட் ஆன்ட்டி முறைத்துக்கொண்டே இருந்தார், பரவாயில்லை.

ஏ கம்பி ஊளை போயே போச்சு. அது அறையின் கணக்கு. கரகரப்பில் பாதி காணோம். அது பீரோ கைப்பிடி அதிர்ந்தது என்று பிறகு கண்டுபிடித்தேன், கைப்பிடிக்குள் கொஞ்சம் துணி திணித்ததும் அடங்கிவிட்டது. ஆனால் மீதிப் பாதி கரகரப்பு அங்கேயும் இருந்தது, ஆறாவது கம்பியை அழுத்தித் தட்டினால் கேட்கிறது. போர்வையும் அப்படியே இருந்தது, நேர் எதிரே குனிந்து காதைக் கொடுத்தால்கூட. விண்டேஜ் 30 என்றால் மேல் மிட்ஸில், அதாவது நடு ஸ்வரங்களுக்குச் சற்று மேலே, சும்மா குத்த வேண்டும், அதற்குத்தான் அந்த ஸ்பீக்கருக்குப் பெயரே. குத்தலே இல்லை.

மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எனக்குத் தெரிந்த ஆம்ப் மெக்கானிக் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அறுபதைத் தாண்டியவர். திறக்கவே இல்லை. ஸ்பீக்கர் வயரை ஜாக்கில் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தார். 3.1 என்று காட்டியது. “எட்டு ஓம்னு சொன்னானா? எட்டுன்னா ஆறு, ஆறரை காட்டணும் தம்பி. இது நாலு ஓம் பெட்டி.” மீட்டர் காட்டுவது டிசி ரெசிஸ்டன்ஸ், எப்போதும் எழுதியிருக்கும் ஓமைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும். இரண்டு 16 ஓம் ஸ்பீக்கரை பேரலலாக இணைத்தால் 8, இரண்டு 8 ஓம் என்றால் 4. உள்ளே இருந்ததை யாரோ கழற்றிவிட்டு, கையில் கிடைத்த 8 ஓம் ஸ்பீக்கர்களை அதே வயரிங்கில் மாட்டியிருக்கிறார்கள். பெட்டியின் பின்தகட்டில் 8 என்று அச்சடித்தது அப்படியே இருக்கிறது. ஆக பத்து நாளாக என் ஹெட்டின் 8 ஓம் ஜாக்கில் 4 ஓம் சுமையை ஏற்றியிருக்கிறேன். வால்வ் ஆம்ப் அதில் உடனே செத்துவிடாது, ஆனால் அவுட்புட் வால்வுகள் சீக்கிரம் தேயும். இதுவே குறைந்தபட்சம் 8 ஓம் கேட்கிற டிரான்சிஸ்டர் ஆம்பாக இருந்தால் சூடேறிப் புகைந்திருக்கலாம்.

பின்பலகையில் பதினான்கு ஸ்க்ரூ. பன்னிரண்டு கருப்பு, இரண்டு வெள்ளை, கருப்புகளின் தலையிலும் புதுக் கீறல். கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்திருந்தால் இது ஒன்றே போதும். உள்ளே பார்த்தால் இரண்டு ஸ்பீக்கரும் இரண்டு ஜாதி. ஒன்று பெயர் தெரியாத கிதார் ஸ்பீக்கர். இன்னொன்றில் கோனைச் சுற்றி, அதாவது அதிர்கிற கூம்பைச் சுற்றி, ரப்பர் வளையம், பேஸுக்கான வூஃபர். கிதார் ஸ்பீக்கரின் விளிம்பு அநேகமாக மடிப்பு மடிப்பான பேப்பராகத்தான் இருக்கும், ரப்பராக இருக்காது. இரண்டின் முதுகிலும் செலஸ்டியன் லேபிள். வூஃபரின் லேபிள் லேசாகச் சாய்ந்திருந்தது, பெரியவர் கட்டைவிரலால் தள்ளினார், வழுக்கிக்கொண்டு போனது. பசை இன்னும் காயவில்லை. கழற்றித் தராசில் வைத்தால் 2.9 கிலோ. விண்டேஜ் 30 ஒன்று 4.7 கிலோ. அந்தப் பெயர் தெரியாத கிதார் ஸ்பீக்கரின் கோனை விரல்களைப் பரப்பி மெதுவாக அழுத்தினார். உள்ளே சர்ர்ர் என்று காயில் உரசியது. அம்மா சொன்ன சுண்டெலி.

ஒன்பது வோல்ட் பேட்டரியை வயரில் தொட்டு, இரண்டு கோனும் ஒரே பக்கம் அசைகிறதா என்றும் பார்த்தார். அசைந்தது. “அத மட்டும் ஒழுங்கா பண்ணிருக்கான்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய கேபினெட் வாங்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து உங்கள் கிதாரையும் ஹெட்டையும் தூக்கிக்கொண்டு போங்கள். பெட்டியைத் தரையில் இறக்கி, ரிவர்ப் இல்லாமல், வீட்டில் வாசிக்கிற சத்தத்தில் வாசியுங்கள். பிறகு குனிந்து ஸ்பீக்கருக்கு நேராகவும், இரண்டடி தள்ளிப் பக்கவாட்டிலும் கேளுங்கள். 12 இன்ச் ஸ்பீக்கர் ட்ரெபிளை டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் அடிக்கும். நின்றுகொண்டு கேட்டால் அது உங்கள் கணுக்காலுக்குத்தான் போகும். 300 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். முன்துணி வழியாக ஃபோன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் கோன் விளிம்பு தெரியும். பின்பலகையைத் திறக்கச் சொல்லுங்கள். “வாரண்டி போயிடும் சார்” என்பார்கள். சிங்கிள் ஓனர் பெட்டிக்கு என்ன வாரண்டி? சீட்டில் ஸ்பீக்கர் மாடலும் ஓமும் எழுதி வாங்குங்கள். என் மஞ்சள் துண்டில் “கேப் - 1” என்பதைத் தவிர ஒன்றும் இல்லாததால்தான் முதலாளி தைரியமாக, “நான் விண்டேஜ் 30னு சொன்னேனா?” என்றார். சொல்லியிருந்தார், வாட்ஸ்அப்பில். “ஒரிஜினல் வி30 சார், கேரண்டி.” ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பியதும் இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. பில் கொடுக்க மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் செய்து புகார் பதிந்தேன். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது.

அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பத்து பைசா செலவில்லாமல் முக்கால்வாசி சரியாகிவிட்டது. பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னால் இழுத்தேன். அகலத்தில் கால் பங்கு அது, அந்த 110 ஹெர்ட்ஸ் அலை அடங்கிக் கிடக்கும் இடம். நாற்காலியையும் நடுவிலிருந்து தள்ளிப் போட்டேன். பெட்டியை மர ஸ்டூலில் ஏற்றிக் கொஞ்சம் சாய்த்ததும் தரை கொடுத்த வீங்கின பேஸ் குறைந்தது, ட்ரெபிள் காதுக்கு வந்தது. மூலையில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தியிருக்கிறேன், அது கொஞ்சம்தான் உதவுகிறது, இருந்தாலும் ஃபோமுக்கு மேல். ஃபோமைப் பிய்த்தபோது பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. ஒரு துண்டு இப்போது அம்மாவின் கிரைண்டருக்கு அடியில் இருக்கிறது.

பெட்டியின் மரம் மட்டும் நிஜ ப்ளை. அதனால் அதை வைத்துக்கொண்டு, அதே செலஸ்டியனின் இன்னொரு மாடலான 16 ஓம் கிரீன்பேக் ஸ்பீக்கர் இரண்டு தனியாக, பில்லோடு வாங்கி மாட்டினேன். ஒவ்வொன்றும் 25 வாட், என் 20 வாட் ஹெட்டுக்குத் தாராளம். விண்டேஜ் 30ஐவிட 2 டெசிபல் சத்தம் குறைவு, மேல் மிட்ஸும் சாது. மொசைக் தரையும் வெறும் சுவரும் உள்ள இந்தச் சின்ன அறைக்கு அசல் விண்டேஜ் 30 வந்திருந்தாலும் காதைக் குத்தியே எடுத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பேர் பார்த்து மயங்கியது என் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

புகார் பதிந்த மூன்றாம் நாள் முதலாளியே கூப்பிட்டார். “பேர் மட்டும் எங்கயும் போட்டுடாதீங்க சார், பேசித் தீத்துக்கலாம். வேற ஒரு கேப் வந்திருக்கு, ஒரிஜினல் வி30. வந்து கேட்டுப் பாருங்க, பிடிச்சா மாத்திக்கலாம்” என்றார். பணம் திரும்பி வருகிற வரைக்கும் பெயர் போடுவதாக இல்லை என்றேன். மல்டிமீட்டரும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “திங்கக்கிழமை வாங்க சார்” என்றார். அதற்கப்புறம் இரண்டு திங்கட்கிழமை போய்விட்டது, இரண்டு முறையும் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, முதலாளி வெளியூர் போயிருப்பதாகக் கடைப் பையன் சொன்னான்.