பட்டர்வொர்த்தில் ஒரு குளிர்சாதனப் பயிற்சி நிலையம்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றில் 49 வயதில் ஆட்குறைப்புக்கு ஆளான நான், 60 நாளுக்குள் மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் விண்ணப்பித்து, காப்புறுதிக்குக் கணக்கிடப்படும் ஊதியத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, மறுமாதம் 50 எனக் குறைந்துகொண்டே வரும் உதவித்தொகையை நம்பி, இந்நிலையத்தில் குளிர்சாதனப் பழுதுபார்ப்பு கற்கச் சேர்ந்தேன்.

பயிற்றுநர் கைதேர்ந்தவர், செம்புக் குழாயின் முனையை விரிக்கும்போது சிறு பிசிறு மிஞ்சினாலும் வாயு கசியும் என்பதை, சவர்க்கார நுரை தடவிக் குமிழி எழுவதைக் காட்டியே புரியவைத்தார். ஆனால், 14 பேருக்கு இரண்டே அழுத்தமானிகள் இருந்ததால், பாதி நேரம் வேடிக்கைதான் பார்த்தோம். (கண்ணாடி இல்லாமல் அதன் எண்கள் எனக்குத் தெரியவில்லை என்பது வேறு கதை.)

நிலையம் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னது ஒரு தொலைபேசிப் பட்டியலோடு நின்றது. நான் அழைத்த மூன்று கடைகளும் முப்பது வயதுக்குட்பட்டவரையே கேட்டன. கட்டணத்தைத் தாமே செலுத்துவோர், சேருமுன் பட்டறையை நேரில் பார்த்துவிடுவது நல்லது.