புயல் சீசனில் அமெரிக்கப் பயணம்: தக்கலையில் எடுத்த காப்பீடு எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை

மகளுக்கு ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் பிரசவம், அக்டோபர் கடைசியில் தேதி. பிள்ளை புயல் சீசன் பார்த்தா பிறக்கும்? அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஹரிக்கேன் காலம். செப்டம்பர் நடுவில் உச்சம் என்றாலும் அக்டோபரில் ஃபுளோரிடா நிம்மதியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் 2024 ஆகஸ்டில் டிக்கெட் போட்ட கையோடு பயணக் காப்பீட்டையும் எடுத்துவிடலாம் என்று கிளம்பினோம்.

முதலில் போனது நாகர்கோவிலில் ஒரு டிராவல்ஸுக்கு. அங்கிருந்த பெண் ஃபாரத்தை மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தாள். 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற இடத்தில், எங்களைக் கேட்காமலேயே 'இல்லை' என்று டிக் போட்டாள். என் வீட்டுக்காரருக்கு சுகரும் பிரஷரும் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார் என்றேன். "அதெல்லாம் எழுதினா பிரீமியம் கூடும் ஆன்ட்டி" என்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாகவே காலம் கழித்தவள் நான். நோயாளியைச் சேர்க்கும்போது கேஸ் ஷீட்டில் முதலில் எழுதுவதே பழைய நோயைத்தான். அமெரிக்காவிலும் அதைக் கேட்டு எழுதுவார்கள், அந்தக் காகிதம் கம்பெனிக்குப் போகும், க்ளெய்ம் அங்கேயே படுத்துவிடும். எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் போனதுதான் தக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் இந்தக் காப்பீட்டு அலுவலகம். மாடிப்படி செங்குத்து, மூட்டுவலி உள்ளவர்கள் கீழே நின்று போன் பண்ணினால் அங்கே வேலை பார்க்கும் பையனே இறங்கி வருவான். ஒரு புரோக்கிங் நிறுவனத்தின் கீழ் வேலை செய்வதால் நாலைந்து கம்பெனிகளின் பாலிசியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். சுகர், பிரஷர், மாத்திரை பெயர் எல்லாவற்றையும் எழுதினான். பிரீமியம் கூடத்தான் செய்தது. பழைய நோய்க்கு உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள்தான் பணம் என்ற வரியை விரலை வைத்து வாசித்துக் காட்டினான். ஒவ்வொரு சிகிச்சைக்கும் முதல் 100 டாலர் நம் கையிலிருந்து என்பதையும் அப்போதே சொல்லிவிட்டான்.

புயல் விஷயத்துக்கு வந்ததும் கணினியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "ரெண்டு விஷயம் சிஸ்டர். புயலுக்குப் பேரு வச்ச பிறகு பாலிசி எடுத்தா, அந்தப் புயல் கணக்குல வராது. தெரிஞ்ச ஆபத்துன்னு தள்ளிருவாங்க. இன்னொண்ணு, புயல் வருதுன்னு பயந்து நீங்களே பயணத்தை கேன்சல் பண்ணினா இதுல காசு கிடையாது."

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு, எந்தக் காரணத்துக்காக ரத்து செய்தாலும் செலவில் 50 முதல் 75 சதவீதம் திருப்பித் தரும் பாலிசி உண்டு என்று மகள் சொல்லியிருந்தாள். அதையும் முதல் முன்பணம் கட்டிய ரெண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்தாக வேண்டுமாம். எங்களுக்கு அவன் காட்டிய எதிலும் அப்படி ஒன்று இல்லை.

பெயர் வைப்பது பற்றிச் சொன்னதும் எனக்கு ஒக்கிதான் ஞாபகம் வந்தது. 2017 நவம்பர் 30 அன்று காலையில் அதைப் புயல் என்று அறிவித்துப் பெயர் சொன்ன நேரத்தில் இங்கே ரப்பரும் வாழையும் சாய்ந்துகொண்டிருந்தன. கடலுக்குப் போனவர்கள் போனவர்கள்தான். எங்கள் பயணத்தில் வந்த மில்டன் புயல் அப்படியில்லை. அக்டோபர் 5-ஆம் தேதி பெயர், 9-ஆம் தேதி இரவு டாம்பாவுக்குத் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியது. அந்த இடைவெளியில் மகளின் சிநேகிதி ஒருத்தி தன் அம்மாவுக்கு அவசரமாக பாலிசி எடுத்தாளாம். கம்பெனி மறுக்காமல் பணம் வாங்கிக்கொண்டது. மருத்துவச் செலவுக்கு அது செல்லும், மில்டனால் வந்த தாமதத்துக்குச் செல்லாது. வாங்கும்போது இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

எங்களுக்கு 9-ஆம் தேதி விடியற்காலை திருவனந்தபுரத்திலிருந்து விமானம், நியூயார்க்கில் மாறி டாம்பாவுக்குப் போக வேண்டும். டாம்பா விமான நிலையத்தை மூடிவிட்டார்கள் என்ற செய்தி முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டது. தக்கலைப் பையனுக்குப் போன் போட்டேன். "திருவனந்தபுரம் ஃபிளைட் ஓடுது, நியூயார்க்கும் திறந்திருக்கு. போகாம இருந்தா அது உங்க முடிவு, ஒண்ணும் கிடைக்காது. போங்க, வழியில நின்னா தாமதக் கணக்குல வரும். ஆனா கவுன்டர்ல எழுதி வாங்காம நகராதீங்க" என்றான். நிறைமாத மகள் அங்கே புயலில், நான் இங்கே தக்கலையில் உட்கார்ந்து என்ன செய்ய? போனோம்.

நியூயார்க்கில் டாம்பா விமானம் ரத்து. வானிலை காரணம் என்பதால் ஓட்டல் செலவு எங்கள் பொறுப்பில்லை என்று விமான கம்பெனி கையை விரித்தது. 11-ஆம் தேதிதான் டாம்பா நிலையம் திறந்தது, எங்களுக்கு மறுநாள் காலையில்தான் இடம். மூன்று ராத்திரி, ஒவ்வொன்றுக்கும் 170 டாலர் பக்கம். கவுன்டரில் எந்த விமானம், என்ன நேரம், என்ன காரணத்தால் ரத்து என்று ஒரு தாள் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள்.

திரும்பி வந்து க்ளெய்ம் போட்டோம். கம்பெனியிலிருந்து முதல் கேள்வி: அந்தத் தாளில் சீல் எங்கே? நியூயார்க் கவுன்டரில் போய் ரப்பர் ஸ்டாம்ப் கேட்டால் சிரிப்பார்கள். பையன்தான் மெயிலுக்கு மெயில் எழுதி, விமான கம்பெனியின் இணையதளத்தில் இருந்த ரத்து விவரத்தை இணைத்து அதை முடித்துவைத்தான். இணைப்பு விமானம் தவறியதற்கான பணத்தைத் தர முடியாது என்றார்கள். நாங்கள் வந்த விமானம் நேரத்துக்கு இறங்கிவிட்டது, அடுத்தது தவறவில்லை, ரத்தானது, அதனால் அந்தப் பிரிவு பொருந்தாதாம். பாலிசியைப் புரட்டினால் அப்படித்தான் போட்டிருக்கிறது, சண்டை போட இடமில்லை. தாமதத்துக்கு மட்டும், முதல் 12 மணி நேரத்தைக் கழித்து, ஒவ்வொரு 12 மணி நேரத்துக்கும் ஆளுக்கு 20 டாலர். தலா 80 வந்தது. ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பதின்மூன்றாயிரம் ரூபாய்ச் சொச்சம். ஓட்டல் பில் அதைப்போல மூன்று மடங்கு.

பேத்தி பிறந்தாள், தாயும் சேயும் நலம். ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசியம் எங்கள் இருவருக்கும் வரவில்லை, ஆகையால் பாலிசியின் மருத்துவப் பகுதிக்கு நான் மார்க் போட முடியாது. ஆனால் அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்காகத்தான் இதை எடுக்க வேண்டும். புயல் தாமதத்துக்குக் கிடைப்பது டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் காணும், அவ்வளவே. ஓட்டல் செலவுக்கென்று தனியாக ஐந்நூறு டாலர் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கம்பெனிக்கு ஐந்துக்கு மூன்று தருவேன், பையனுக்கு நாலரை. அரை குறைத்தது வாட்ஸ்அப்பில் நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜாக அனுப்புவதற்கு. எழுதி அனுப்பு மக்களே என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. போகிறவர்கள் பாஸ்போர்ட் நகல், டிக்கெட், தினமும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். கீழே ஜெராக்ஸ் கடை மத்தியானம் சாப்பாட்டுக்கு அடைத்துவிடுவார்கள்.