பாத்தியா, மரமா, குறுங்காடா: நகரத்துப் பள்ளி வளாகத்துக்கு எது சரிவரும்?

நகரத்துப் பள்ளிகளில் கட்டடம், விளையாட்டுத் திடல், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் போக மிஞ்சுவது ஓர் ஓரம்தான். அந்த ஓரத்தில் மாணவர்களைக் கொண்டே ஏதாவது வளர்க்கலாம் என்று முடிவானதும் பேச்சு நாலு பக்கமாகப் பிரியும். காய்கறிப் பாத்தி போடலாம் என்பார்கள் சிலர், நிழல் மரம் நடலாம் என்பார்கள் சிலர். மரங்களை நெருக்கி நட்டு வளர்க்கும் மியாவாக்கி குறுங்காடு என்று ஒரு குரல் வரும். எதற்கு வம்பு, தொட்டிகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இன்னொன்று.

செலவையும் அழகையும் வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம். நான் பள்ளியின் காலண்டரை வைத்து ஒப்பிடுகிறேன். நட்ட பிள்ளை பலனைப் பார்க்குமா? நீண்ட விடுமுறையில் தண்ணீர் ஊற்றப்போவது யார்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத திட்டம் அடுத்த கல்வியாண்டைத் தாண்டுவது கஷ்டம்.

முதல் கேள்வியில் பாத்தியை அடிக்க ஆளில்லை. முள்ளங்கி விதைத்த சில நாளில் முளைக்கும், ஒரு மாதத்தில் பிடுங்கலாம். கீரையும் ஏறக்குறைய அப்படித்தான். விதைத்த கையே களை எடுத்து, பூச்சியைப் பார்த்து, அறுவடையும் செய்துவிடும். ஒரு தடவை கெட்டுப்போனால் அதே பருவத்தில் மறுபடி விதைக்கலாம். மரத்தில் அந்த வசதி கிடையாது. பருத்துவிட்டதா என்று பார்ப்பதற்காகவே முள்ளங்கியைப் பிடுங்கி, யாரும் கவனிக்கும் முன் திரும்பச் செருகி வைக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களுக்கென்றே ஒரு வரிசையை ஒதுக்கிவிடலாம். பாடம் அந்த வரிசையில்தான் நன்றாக நடக்கும்.

பாத்தியின் சிக்கல் மண்ணில் தொடங்குகிறது. பள்ளி ஓரத்து மண் பெரும்பாலும் கட்டட இடிபாடு: செங்கல் துண்டு, காய்ந்த சிமெண்ட், சுண்ணாம்பு. பழைய சுவரின் பெயிண்ட் உதிர்ந்த இடத்திலும் பெரிய சாலையை ஒட்டிய இடத்திலும் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வாகனங்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை உலகம் முழுக்க நின்றது 2021-ல்தான். மண்ணில் படிந்தது தானாகக் கரைந்து போய்விடாது. சாப்பிடுகிற எதையும் நடும் முன் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நல்ல மண் கொண்டுவந்து ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுவதே வழி.

அப்புறம் தண்ணீர். பத்து லிட்டர் வாளி பத்து கிலோ. ஒரு சின்னப் பிள்ளை அதைத் திடலின் மறுகோடி வரை தூக்கிக்கொண்டு போகாது. அழகான மூலையைத் தேடுவதைவிடக் குழாய்க்குப் பக்கத்து மூலையைத் தேடுங்கள். அமெரிக்காவின் பெர்க்லி நகரில், மார்ட்டின் லூதர் கிங் நடுநிலைப் பள்ளியில் 1995-ல் தொடங்கிய தோட்டத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். தார் போட்டுக் கிடந்த இடத்தைப் பெயர்த்து உருவாக்கியது அது. அங்கே தோட்டத்துக்கென்றே ஆசிரியர்கள் உண்டு என்பதை மட்டும் சொல்ல விட்டுவிடுவார்கள்.

மரத்துக்கு வருவோம். வெயில் நிற்கும் சிமெண்ட் முற்றத்தை மாற்றுகிற சக்தி மரத்துக்குத்தான் உண்டு. ஸ்பெயினின் பார்சிலோனாவில் 36 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 2,593 குழந்தைகளை ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-ல் வெளியானது. பள்ளியிலும் சுற்றிலும் பசுமை அதிகம் இருந்த இடங்களில் குழந்தைகளின் நினைவுத்திறன் கூடுதலாக முன்னேறியிருந்தது, கவனக்குறைவும் குறைந்திருந்தது. அதில் ஒரு பங்கு, போக்குவரத்துப் புகையின் கரித்துகள் குறைந்ததால் வந்திருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

ஆனால் தொடக்கப் பள்ளிப் பிள்ளை நட்ட மரத்தின் நிழலில் உட்காரப்போவது வேறு யாரோ. அதில் தப்பில்லை, அதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் சரி. பெரிய வகுப்புகள் வரை உள்ள பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை நட்டால், படித்து முடிக்கும் முன் ஓரளவு நிழலைப் பார்த்துவிடலாம்.

மரம் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் நடுகிற அன்றே முடிவாகிவிடுகிறது. விழா, போட்டோ, கைதட்டல் என்று எல்லாம் நடக்கும். குழி மட்டும் வாளி அகலத்தில் இருக்கும். வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணிலேயே பக்கவாட்டில் பரவுவதால் குழிக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம். வேர்ப்பந்தைப் போல, அதாவது கன்றின் வேரும் அதைப் பிடித்திருக்கும் மண்ணும் சேர்ந்த உருண்டையைப் போல, இரண்டு மூன்று மடங்கு அகலம் வேண்டும், ஆழம் வேர்ப்பந்தின் உயரம் போதும். பிளாஸ்டிக் பையை முழுசாகக் கிழித்து எடுத்துவிட்டு வேரைப் பாருங்கள். பைக்குள் அதிக நாள் இருந்த கன்றில் வேர் வட்டமாகச் சுற்றிக் கிடக்கும். அதைப் பிரித்தோ வெட்டியோ விடாமல் நட்டால் அதே வட்டத்தில் தடித்து, சில வருஷம் கழித்துத் தன் தண்டையே நெரிக்கும். தண்டும் வேரும் சேரும் இடம் மண் மட்டத்துக்குக் கீழே புதையக்கூடாது. வகுப்பறையின் மேற்குப் பக்கம் நட்டால் பிற்பகல் வெயில் மறைக்கும். சுவருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் பக்கத்தில் ஆலமர இனம் எதுவும் வேண்டாம்.

குறுங்காடு கேட்க ஆசையாக இருக்கும். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி உருவாக்கிய முறை இது: மண்ணை நன்றாகப் பண்படுத்தி, அந்தப் பகுதிக்கே உரிய பலவகை மரங்களைச் சதுர மீட்டருக்கு மூன்று நாலு என்று நெருக்கமாக நடுவது. நூறு சதுர மீட்டரில் முந்நூறு கன்று, ஆளுக்கு ஒன்று வைத்தால் பள்ளியே நட்டுவிடலாம்! அந்த ஒரு நாள் அருமையாக இருக்கும். பிறகு இரண்டு மூன்று வருஷம் களை எடுப்பதும் தண்ணீர் விடுவதும்தான் வேலை. அதற்கு அந்த முந்நூறு பேரில் எத்தனை பேர் வருவார்கள்? காடு அடர்ந்த பிறகு உள்ளே நடக்க முடியாது, வெளியே நிற்கும் ஆசிரியருக்கு உள்ளே நடப்பதும் தெரியாது. பறவையும் பூச்சியும் நிறைய வரும் என்பது உண்மை. விளையாட்டுக்கு உதவாத பெரிய மூலை சும்மா கிடந்தால் தாராளமாகச் செய்யலாம். திடலில் பாதியைக் கொடுத்துச் செய்வது பிள்ளைகளுக்கு நஷ்டம்.

தொட்டி, வளர்ப்புப் பை எல்லாம் மண்ணே இல்லாத பள்ளிக்கு. சீக்கிரம் காய்ந்துவிடும், ஒரு நீண்ட விடுமுறையைத் தாங்காது. மொட்டைமாடியில் தோட்டம் என்றால் பொறியாளரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது: ஓர் அடி ஆழத்துக்கு ஈரமான சாதாரண மண் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 450 கிலோவுக்கு மேல் எடை ஏறும்.

என்னைக் கேட்டால், பாத்தியும் மூன்றே மூன்று மரமும். முப்பது நட்டு மூன்று பிழைப்பதற்கு, மூன்று நட்டு மூன்றையும் காப்பாற்றலாம். பாத்திக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும் என்பதால் நிழல் விழாத பக்கமாகவும், பாத்திக்கு ஊற்றும் ஹோஸ் எட்டும் தூரத்திலும் கன்றுகளை நடுங்கள். மரத்துக்கென்று தனியாக யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கீரைக்குத் தண்ணீர் விட வந்தவர் அப்படியே அதற்கும் விட்டுவிடுவார்.

விடுமுறைக்கு ஆள் இல்லையா? கடைசி அறுவடை பள்ளி மூடும் முன்பே முடியும்படி விதையுங்கள். வெறும் பாத்தியின்மேல் காய்ந்த இலையால் கனமாக மூடாக்குப் போட்டுவிட்டால் அது தூங்கட்டும். கன்றுகளை மழைக்காலத் தொடக்கத்தில் நட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதைத்து வையுங்கள். அதை நிரப்பி மூடினால் தண்ணீர் மெல்லக் கசிந்து சில நாள் தாங்கும். காவலாளி வாரத்துக்கு இரண்டு தடவை வந்து நிரப்பினால் போதும். அதை அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்குவது, குழி வெட்டும் முன் செய்ய வேண்டிய வேலை.