லைவ் ஸ்டூடியோ: வாடகை சரி, வாரம் வேண்டாம்

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடம், ஐந்தாவது மாடி. கீழே கார் பட்டறை, அதற்கு மேலே கேக் டப்பா செய்பவர்கள். சரக்கு லிஃப்டை விட்டு வெளியே வந்தால் நீளமான நடை. பக்கத்துக்கு நாலாக எட்டு அறைகள். ஒவ்வொரு கதவுக்கு மேலேயும் ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் உள்ளே லைவ் ஓடுகிறது, தட்டக் கூடாது. தீபாவளிக்கு முன் நான்கு சனிக்கிழமை நானும் என் நாத்தனாரும் அங்கே அறை எடுத்து, இணையத்தில் நேரலையாகச் சேலை விற்றோம். ஸ்டூடியோ பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

வீட்டிலேயே செய்ய வேண்டியதுதானே என்று எல்லாரும் கேட்கிறார்கள். செய்து பார்த்தோம். செங்காங்கில் நாலறை வீடு. மாமியாரின் சீரியல், குக்கர் விசில், மேல்வீட்டில் சுவரைத் துளைக்கும் சத்தம். முதல் லைவிலேயே மாமனார் இடுப்பில் துண்டோடு பின்னால் நடந்து போனதை அறுபது பேர் பார்த்தார்கள். அன்று சேலையைவிட அவருக்குத்தான் அதிகம் லைக் விழுந்தது. சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும், அதற்குத்தான் காக்கி புக்கிட் போனோம்.

அறை பத்துக்குப் பத்து இருக்கும். ஏசி சத்தமில்லாமல் குளிர்கிறது. வைஃபை ஒருமுறைகூட அறுந்ததில்லை. சேலை மாட்டக் கம்பி, நீள மேசை, போன் வைக்க ஸ்டாண்ட் எல்லாம் இருந்தன. குறை விளக்கில்தான். அவர்கள் தருவது வட்டமான ரிங் லைட். அது முகத்துக்கு ஆனது, பட்டுக்கு ஆகாது. மயில்கழுத்து நிறச் சேலையில் ஊடு ஒரு நிறம், பாவு ஒரு நிறம். துணியைச் சாய்த்தால் பச்சையிலிருந்து நீலத்துக்கு ஓட வேண்டும். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் பள்ளிச் சீருடை மாதிரி வெறும் நீலமாகத் தெரிந்தது. முதல் வாரம் விற்றது மூன்று சேலை, அதில் ஒன்று "படத்துல பார்த்த கலர் இல்ல" என்று திரும்பி வந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து ரிங் லைட்டை அணைத்துவிட்டு, வீட்டிலிருந்து இரண்டு விளக்கு கொண்டுபோய்ப் பக்கவாட்டில் வைத்தோம். புறப்படும் முன் அந்த விளக்குகளுக்குத் தனிப் பை வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கு லிஃப்டில் கட்டை வண்டியோடு இடித்து எனக்கு ஒன்று உடைந்தது.

சரி, காசு விஷயம். இரண்டு திட்டம் இருக்கிறது. ஒன்று, மணிக்கு 32 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாடகை, குறைந்தது மூன்று மணி நேரம். பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்த்து 104 வெள்ளி 64 காசு. இன்னொன்றில் வாடகையே கிடையாது. விற்றதில் 30 விழுக்காடு அவர்களுக்கு, நிலத்தில் விளைச்சலைப் பங்கு போடும் வாரம் மாதிரி. லாபத்தில் அல்ல, விற்றதில். லைவ் அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஓடும், கமெண்டுக்குப் பதில் போட ஒரு பெண்ணையும் தருவார்கள். "விக்கலன்னா ஒரு காசு வேணாம் அக்கா, ரிஸ்க் எல்லாம் எங்களுது" என்றான் கவுண்டரில் இருந்த தம்பி. நாத்தனார் முகம் மலர்ந்துவிட்டது. நான் வாடகை என்றேன்.

காரணம் இருக்கிறது. இரண்டாவது பிள்ளை பிறக்கும்வரை ஆறு வருடம் ஒரு பணப் பட்டுவாடா நிறுவனத்தில் சார்ஜ்பேக் மேசையில், அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார்களைப் பார்க்கும் இடத்தில், இருந்தேன். கடையின் தொழில்வகையைக் காட்டும் வணிகர் குறியீடு 5967 உள்ள வெளிநாட்டுக் கணக்குகள் என் பொறுப்பு. அதில் பெரும்பகுதி வயது வந்தோருக்கான வெப்கேம் தளங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் கார்டைத் தேய்ப்பார். மாதக் கடைசியில் மனைவி பில்லைப் பார்ப்பாள். அவர் வங்கிக்குப் போன் செய்து "அது நான் இல்லை, கார்டு திருடு போச்சு" என்பார். பணம் திரும்பிப் போகும். பல தளங்களில் அது கேமரா முன் உட்கார்ந்த பெண்ணின் கணக்கிலிருந்துதான் கழியும்.

இந்தத் தொழிலுக்குப் பேர்போன இடங்கள் ருமேனியாவும் கொலம்பியாவும். கொலம்பியாவில் மெடலின், பொகோட்டா, காலி நகரங்களில் மாடி மாடியாக ஸ்டூடியோக்கள். அங்கே 2024இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 13 லட்சம் பெசோ, அமெரிக்க டாலரில் முந்நூற்றுச் சொச்சம். லேப்டாப், நல்ல கேமரா, வேகமான இணையம், சாத்திக்கொள்ள ஒரு கதவு, இவை எதுவும் இல்லாத பெண்தான் ஸ்டூடியோவுக்குப் போகிறாள். வெளிநாட்டுத் தளத்தில் அடையாள அட்டையைப் பதிவது, டாலரைப் பெசோவாக்குவது எல்லாம் ஸ்டூடியோ பார்த்துக்கொள்ளும். 2021 அக்டோபரில் மாஸ்டர்கார்டு வயதுச் சான்று விதிகளை இறுக்கியபின் எங்கள் மேசைக்கு வரும் காகிதமும் கூடியது.

பங்கு பிரிவதைப் பாருங்கள். பெரிய தளம் ஒன்றில் 100 டோக்கன் (நடிப்பவருக்குக் கொடுக்கும் இணைய வில்லை) வாங்க, லைவைப் பார்ப்பவர் 10.99 அமெரிக்க டாலர் கொடுக்கிறார். அதில் நடிப்பவர் பக்கம் வருவது 5 டாலர். அந்த ஐந்திலிருந்துதான் ஸ்டூடியோ தன் பங்கை எடுக்கும். மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2024இல் கொலம்பியா பற்றி வெளியிட்ட அறிக்கையின்படி, தளம் 50 முதல் 65 விழுக்காடு வரை எடுக்கிறது. மிச்சத்தில் 70 வரைகூட ஸ்டூடியோ பிடிக்கிறது. இரண்டும் உச்சத்தில் இருந்தால் பெண்ணின் கைக்கு நூற்றுக்குப் பத்தரை.

எங்கள் தாத்தா நீடாமங்கலம் பக்கம் வாரத்துக்குப் பயிர் செய்தவர். விதை, உழவு, களை எல்லாம் அவர் செலவு. களத்தில் நெல்லை அளக்கும்போது மட்டும் மிராசுதார் ஆள் மரக்காலோடு வந்து நிற்பார். 1952இல் தஞ்சைக்கென்று வந்த சட்டம், ஒரு வேலி என்ற அளவுக்கு மேல் நிலம் உள்ளவரிடம் வாரம் செய்பவருக்கு ஐந்தில் இரண்டு பங்காவது என்றது. 1956 சட்டம் நஞ்சையில் அதை 60 விழுக்காடு ஆக்கியது. மெடலின் பெண்ணின் பத்தரைக்குப் பக்கத்தில் வைத்தால் மிராசுதாரே தேவலை என்று தோன்றுகிறது.

"அண்ணி, சேலை யாவாரத்தையும் அதையும் ஒண்ணா வச்சுப் பேசுறீங்களே" என்று நாத்தனார் முகம் சுளித்தாள். சேலையை ஒப்பிடவில்லை, கணக்கை ஒப்பிடுகிறேன். அந்தப் பெண்களைப் பற்றி எனக்கு இளக்காரமும் கிடையாது. ஆறு வருடம் அவர்கள் வரவுசெலவைப் பார்த்தவள் நான். முக்கியமான வித்தியாசம், பிடிக்கவில்லை என்றால் நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு செங்காங் போய்விடலாம்.

இதில் பங்கைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. அந்தத் தம்பியிடம் கேட்டேன்: "உங்க பக்கத்துல ஆர்டர் போட்டவங்க நம்பர் எங்களுக்குக் கிடைக்குமா?" "அது கம்பெனி டேட்டா அக்கா." கொலம்பியாவிலும் இதே கதைதான். கணக்கு ஸ்டூடியோ கையில் இருக்கும். பெண் விலகினால் அவள் சேர்த்த ஆட்கள் அவளோடு வர மாட்டார்கள். காசும் பேநவ் என்ற உடனடிப் பணமாற்று வழியில் முதலில் இவர்களுக்குப் போய், பதினான்கு நாள் கழித்துத்தான் நமக்கு வருமாம்.

எங்கள் கணக்கு இது. முதல் வாரம் 240 வெள்ளி விற்றது. விழுக்காட்டில் போயிருந்தால் 72தான், அன்று வாடகையில் நஷ்டம். நாத்தனார் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள். அடுத்தது 610, அப்புறம் 1,480, கடைசி வாரம் 1,125. நான்குக்கும் வாடகை 418 வெள்ளி 56 காசு. விழுக்காட்டில் 1,036 வெள்ளி 50 காசு போயிருக்கும். சேலையில் நமக்கு நிற்பதே விலையில் மூன்றில் ஒரு பங்கு, அதிலிருந்து விலையில் 30 விழுக்காடு போனால் தபால் செலவுக்குத்தான் மிஞ்சும். ஆனால் எதிர் அறையில் கவரிங் நகை விற்கும் அக்கா விழுக்காட்டில்தான் இருக்கிறார், சந்தோஷமாகவும் இருக்கிறார். நாலு வெள்ளிக்கு வாங்கிய ஜிமிக்கியைப் பதினெட்டுக்கு விற்பவருக்கு அது கட்டும். அவர்கள் பக்கத்துக் கூட்டமும் அவருக்கு உதவுகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கழிவறை நடையின் அந்தக் கோடியில், சுத்தமாக இருக்கிறது. ஐந்து நிமிடம் கூடினாலும் அரை மணிக் காசு. மூன்றாம் வாரம் ஜூரோங்கிலிருந்து ஒரு அம்மா அரக்குக் கரையா பச்சைக் கரையா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சரியாக ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார்கள், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே. அந்தச் சேலை விற்கவில்லை.

பொங்கலுக்கு மறுபடி எடுக்கிறோம், வாடகையில்தான். ஏழாம் எண் அறைதான் வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எட்டில் அதற்கு மட்டும்தான் ஜன்னல் இருக்கிறது. மூன்று மணி வெயில் மேசைமேல் விழும், மயில்கழுத்தை அதில் சாய்த்துக் காட்டலாம்.