ஸ்மார்ட் மீட்டரோடு ஒரு வருடம்: கரண்டுக்கும் தண்ணீருக்கும் என் மார்க்

வீட்டில் மின்சாரம், தண்ணீர் இரண்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர் வைத்து ஒரு வருடம் ஆகிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும் என்பதை நேரிலேயே பார்த்துவிட்டேன். ஒருநாள் கரண்ட் போய் ஏழு மணி நேரம் வரவில்லை. மூன்றாவது மணியிலேயே குழாயில் தண்ணீர் நூல் மாதிரி மெலிந்து, அப்புறம் வெறும் காற்றுதான் வந்தது. நீரேற்று நிலையத்தின் பம்பும் கரண்டில்தானே ஓடுகிறது!

முதலில் நல்லது. தண்ணீர் மீட்டரின் ஆப்பில் மணிவாரியாகக் கணக்கு வருகிறது. எல்லோரும் தூங்கும் நேரத்தில், விடியற்காலை 3 மணிக்கும் 12 லிட்டர் ஓடியதாகக் காட்டியது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு டார்ச்சோடு போய்ப் பார்த்தால், மீட்டரின் கண்ணாடிக்குள் அந்தக் குட்டி நட்சத்திரச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஃபிளஷ் டேங்க் வாஷர்தான் போயிருந்தது, மாற்றியதும் சக்கரம் நின்றது. இதற்கு முழு மார்க்.

ஆனால் என் வீட்டு ஒழுக்கைக் காட்டிக்கொடுத்த நிறுவனம், தன் குழாயில் எவ்வளவு ஒழுகுகிறது என்று பில்லில் ஒரு வரி போடுவதில்லை. சுத்திகரித்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு பில்லுக்கே வராமல் போகிற நகரங்கள் உலகில் நிறைய உண்டு, டோக்கியோவிலோ கசிவு சுமார் 3 சதவீதம்தான். மனது வைத்தால் முடிகிற வேலை.

மின்சாரத்தில் வோல்டேஜ் சீராக இருக்கிறது, குறை இல்லை. மின்தடை பற்றிய தகவல்தான் படுமோசம், அந்த ஏழு மணி நேரமும் ஆப்பில் "சரிசெய்யப்படுகிறது" என்ற ஒரே வார்த்தை.

எவ்வளவு குறைவாகப் பயன்படுத்தினாலும் கட்ட வேண்டிய நிலையான கட்டணம் ஏறியதில் எனக்கும் கோபம் வந்தது, சிக்கனமாக இருப்பவருக்குத் தண்டனையா என்று. யோசித்துப் பார்த்தால், நாம் யூனிட்டைக் குறைத்தாலும், மாடியில் சோலார் போட்டாலும், கம்பியும் டிரான்ஸ்பார்மரும் பூமிக்குள் கிடக்கும் குழாயும் அதே செலவைத்தான் கேட்கும். கட்டணத்தை ஏற்றவே விடாமல் பிடித்துவைத்தால் பராமரிப்புதான் முதலில் அடிபடும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் 2014இல் செலவைக் குறைக்க ஆற்று நீருக்கு மாறினார்கள், குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை, ஈயம் கரைந்து குழந்தைகள் குடிக்கிற தண்ணீரில் கலந்தது.

நிறுவனம் கேட்டதையெல்லாம் கொடுப்பதும் ஆபத்துதான். போட்ட முதலுக்கு இத்தனை சதவீதம் லாபம் என்று, கட்டணத்தை முடிவுசெய்யும் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தால், பழையதைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிதாகக் கட்டவே நிறுவனத்துக்கு ஆசை வரும். அவெர்ச், ஜான்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1962லேயே இதை எழுதிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைப் பிடிப்பது ஆணையத்துக்கு உண்மையிலேயே கஷ்டமான வேலை, அதனால்தான் கணக்கு நம் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்கிறேன்.

கட்டண உயர்வு பற்றிய பொதுக் கருத்துக் கேட்புக்குப் போயிருந்தேன். பாதி நாற்காலி காலி. கசிவு சதவீதத்தையும் மாத மின்தடை நேரத்தையும் பில்லிலேயே அச்சடிக்கச் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று. அந்த இரண்டு எண்ணும் பில்லில் வந்த அன்றைக்கே நான்காக மாற்றிவிடுகிறேன்.