கிராம இணையத்துக்கு எந்த அலைக்கற்றைப் பகிர்வு கைகொடுக்கும்?

ஏலத்தில் எடுத்த அலைக்கற்றையை நிறுவனங்கள் நகரத்தில் ஒரு துளி விடாமல் பயன்படுத்துகின்றன, ஆள் குறைந்த ஊர்ப்பக்கம் அதே அலை சும்மா கிடக்கிறது. விற்றுப்போன அலை என்பதால் அங்கே வேறு யாரும் அதைத் தொடவும் முடியாது. பகிர்ந்துகொள்ள நாலு வழிகள் பேசப்படுகின்றன.

வைஃபை எல்லோருக்கும் தெரிந்தது. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு உரிமம் வேண்டாம், கருவியும் மலிவு. மேட்டுக்கு மேடு இரண்டு ஆண்டெனாக்கள் நேருக்கு நேர் பார்த்தால் பல கிலோமீட்டர் போகும், நடுவில் ஒரு தோப்பு வந்தால் போச்சு.

அதனால்தான் டிவி ஒயிட் ஸ்பேஸ் மேல் பலருக்கும் ஆசை வந்தது, எனக்கும்தான். டிவி சேனல்களுக்கு நடுவே காலியாக இருக்கும் தாழ்ந்த அலைவரிசைகள் மரம், மேடு எல்லாம் தாண்டிப் போகும். எந்த சேனல் காலி என்று கருவியே ஒரு தரவுத்தளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். அமெரிக்கா 2010-லும் பிரிட்டன் 2015-லும் விதிகளை வகுத்துவிட்டன, ஆனாலும் பரவவில்லை. சிப்தான் காரணம். யாரும் பெரிய அளவில் தயாரிக்காததால் கருவி விலை இறங்கவில்லை, சாதாரண போனில் இந்த வசதியும் கிடையாது.

மூன்றாவது, அமெரிக்காவின் சிபிஆர்எஸ் என்ற பகிர்வு முறை. அது 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையை மூன்று அடுக்காக்குகிறது. முதல் உரிமை கடற்படை ரேடார் போன்ற பழைய பயனர்களுக்கு, அடுத்து ஏலத்தில் எடுத்தவர்களுக்கு, மிச்சம் ஏலமே இல்லாமல் யாருக்கும். தானியங்கி அமைப்பு ஒன்று பிரித்துக் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அதிர்வெண் கூடுதல் என்பதால் வீச்சு குறைவு, டவர்கள் அதிகம் வேண்டும்.

என் ஓட்டு நாலாவதற்குத்தான்: சும்மா கிடக்கும் மொபைல் அலையையே அந்தந்த இடத்துக்கு மட்டும் உரிமமாகக் கொடுப்பது. பிரிட்டனில் 2019-ல் இது வந்தது, கட்டணம் 950 பவுண்டு, வழக்கமாக 3 ஆண்டுக்கு. மெக்சிகோ 2016-ல் பழங்குடிச் சமூகங்களின் நெட்வொர்க்குக்கே தனி உரிமம் கொடுத்தது. கையிலிருக்கும் போனே போதும் என்பதுதான் இதில் பெரிய விஷயம், புதுக் கருவி வாங்கச் சொன்னால் ஏழை வீடு முதலிலேயே கழன்றுகொள்ளும். ஊருக்குள் மொபைல் அலை, ஊரிலிருந்து ஃபைபர் கேபிள் இருக்கும் இடம் வரைக்கும் வைஃபை இணைப்பு என்று இரண்டையும் சேர்த்தும் ஓட்டலாம்.

சிக்கல் ஒன்று உண்டு. பிரிட்டன் முறையில், அங்கே நாங்களே வரப்போகிறோம் என்று அந்த அலையை ஏற்கெனவே வைத்திருக்கும் நிறுவனம் ஆட்சேபிக்கலாம். என் யோசனை இதுதான்: அப்படிச் சொல்பவர் டவர் எழும் தேதியை எழுதிக்கொடுக்க வேண்டும், தேதி தாண்டினால் அலை ஊர்க்காரர்களுக்கு வந்துவிட வேண்டும்.